மகதி: நான்கு சுவர ராகத்தின் முன்வரலாறும் வீணை பாலச்சந்தரின் மறுப்பும்

மங்களம்பள்ளி பாலமுரளிகிருஷ்ணா (1930–2016) பாடகராகப் பேசப்பட்ட அளவுக்குச் சாகித்யகர்த்தாவாக ஆராயப்படவில்லை. தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் தமிழிலுமாக அவர் இயற்றிய உருப்படிகள் நானூறு வரும் என்று கணக்கிடுவார்கள். வர்ணம், கீர்த்தனை, தில்லானா, ராகமாலிகை என்று எல்லா வகையும் அவற்றில் உண்டு. அத்தனையிலும் பூசலைக் கிளப்பியவை ஒரு சிறு தொகுதிதான்: மகதி, லவங்கி, சுமுகம், சர்வஸ்ரீ முதலான ராகங்களும் அவற்றில் அமைந்த கீர்த்தனைகளும். இவற்றைத் தாமே உருவாக்கியதாக அவர் சொன்னார். மகதி, லவங்கி, சுமுகம் மூன்றுக்கும் சுவரம் நான்கு, சர்வஸ்ரீக்கு மூன்று. ஐந்துக்குக் குறைந்தது ராகமாகாது என்ற பாடத்தில் வளர்ந்த சபா உலகம் இதை எளிதில் ஏற்கவில்லை. 1970களில் வீணை எஸ். பாலச்சந்தர் வெளிப்படையாக எழுப்பிய மறுப்பே இந்த ராகங்களைப் பற்றிய பொதுக் கருத்தை இன்றுவரை வடிவமைத்து வருகிறது. அந்த மறுப்பு எந்த அளவுக்கு நிற்கும் என்பதே இக்கட்டுரையின் ஆய்பொருள்.

எழுபத்திரண்டிலிருந்து நான்குக்கு

கிழக்கு கோதாவரி மாவட்டத்துச் சங்கரகுப்தத்தில் 1930 ஜூலை 6 அன்று பிறந்தவர் பாலமுரளி. தாய் சூரியகாந்தம்மா வீணை வாசித்தவர். மகன் பிறந்த சில நாட்களிலேயே காலமானார். தந்தை பட்டாபிராமய்யாவும் இசைவாணர். குரு பாருபள்ளி ராமகிருஷ்ணய்ய பந்துலு. அவருடைய குரு சுசர்ல தட்சிணாமூர்த்தி சாஸ்திரி, அவருக்கு மேலே மானம்புச்சாவடி வேங்கடசுப்பையர், அவருக்கு மேலே தியாகராஜர் என்று குருபரம்பரை போகிறது. எட்டு வயதில் விஜயவாடாவில் கச்சேரி செய்த சிறுவனின் பெயருக்கு முன்னால் ‘பால’ சேர்ந்த கதை எல்லாரும் அறிந்தது.

ராகப் பூசலுக்கு நேரடியாகப் பயன்படுவது, பதின்ம வயதில் அவர் செய்த ஒரு காரியம். எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களுக்கும் ஒவ்வொரு கீர்த்தனை இயற்றினார். அவை 1952இல் ‘ஜனக ராக க்ருதி மஞ்சரி’ என்று நூலாயின. இம்முயற்சிக்கு முன்னோடிகள் உண்டு. மகா வைத்தியநாதையர் எழுபத்திரண்டையும் ஒரே ராகமாலிகையில் கோத்தார். கோடீசுவர ஐயர் தமிழில் மேளத்துக்கு ஒன்றாகப் பாடி வைத்தார். ஆனால் எழுபத்திரண்டில் நாற்பது விவாதி மேளங்கள். அவற்றுள் பலவற்றுக்கு அன்று பாடாந்தரம் என்று சொல்லிக்கொள்ள ஏதுமில்லை. ஏட்டில் இருந்தது சுவர வரிசை மட்டும். அந்த வரிசையிலிருந்து எடுப்பு, நிறுத்தம், நீண்டு நிற்கத்தக்க சுவரம், அசைக்கத்தக்க சுவரம் எல்லாவற்றையும் இயற்றுபவரே கண்டாக வேண்டும். பாலமுரளி தம் இருபது வயதுக்குள் இந்தப் பயிற்சியை எழுபத்திரண்டு முறை முடித்திருந்தார். பிற்கால நான்கு சுவர ராகங்கள் திடீரென வந்த குறும்பு என்று எழுதுவோர் இந்த நூலைக் கணக்கில் எடுப்பதில்லை. முதலில் கட்டங்களை எல்லாம் நிரப்பிப் பார்த்தவர், பிறகு எவ்வளவு குறைத்தாலும் பாட்டு நிற்கும் என்று சோதித்தார். இரண்டும் ஒரே கேள்வியின் இரு முனைகள்.

வானொலிப் பணி, விஜயவாடா அரசு இசைக் கல்லூரி முதல்வர் பொறுப்பு, சென்னை வாழ்வு, ‘பக்த பிரகலாதா’ படத்து நாரதர் வேடம், 1978இல் சங்கீத கலாநிதி, 1991இல் பத்ம விபூஷண், 2005இல் பிரெஞ்சு அரசின் செவாலியர் விருது ஆகியவை விரிவாக எழுதப்பட்டவை, இங்கே தேவையில்லை.

மகதியின் அமைப்பு: சட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். ஏறியபடியே இறங்கும். லவங்கிக்கு சட்ஜம், சுத்த ரிஷபம், சுத்த மத்தியமம், சுத்த தைவதம்; பஞ்சமம் இல்லை. சுமுகத்துக்கு சட்ஜம், சதுச்ருதி ரிஷபம், பிரதி மத்தியமம், காகலி நிஷாதம். சர்வஸ்ரீக்கு சட்ஜம், சுத்த மத்தியமம், பஞ்சமம் மட்டுமே. மகதியில் ‘மகனீய மதுர மூர்த்தே’, லவங்கியில் ‘ஓம்காராகாரிணி’, சர்வஸ்ரீயில் ‘உமாசுதம் நமாமி’ ஆகியவை தெரிந்த உருப்படிகள். இவை இயற்றப்பட்ட ஆண்டுகளைத் துல்லியமாக நிறுவ முடியவில்லை. மகதிக்கு மட்டும் ஒரு கீழெல்லை கிடைக்கிறது. 1975இல் வந்த ‘அபூர்வ ராகங்கள்’ படத்தில் எம்.எஸ். விசுவநாதன் இசையமைத்து யேசுதாஸ் பாடிய ‘அதிசய ராகம்’ மகதியில் தொடங்குகிறது. ஆகவே அதற்கு முன்பே அந்த ராகம் சென்னை இசை வட்டாரத்தில் அறியப்பட்டிருந்தது. (அப்படத்தை இயக்கிய கே. பாலச்சந்தர் வேறு, மறுப்பு எழுப்பிய வீணை பாலச்சந்தர் வேறு. பெயர் ஒற்றுமையால் இரண்டையும் குழப்பிக்கொண்ட குறிப்புகள் உலவுகின்றன.)

பாலச்சந்தரின் மறுப்பு

வீணை பாலச்சந்தர் (1927–1990) மேலோட்டமாகக் குறை சொல்லிப் போகிறவர் அல்லர். பாடல்களே இல்லாத ‘அந்த நாள்’ (1954) படத்தை இயக்கியவர். வீணையில் தமக்கென ஒரு வாசிப்பு முறையை உண்டாக்கியவர். சான்று கேட்பதில் பிடிவாதக்காரர். 1980களில் சுவாதித் திருநாள் பெயரில் வழங்கும் கீர்த்தனைகளைப் பற்றி அவர் எழுப்பிய ஐயமும் இதே குணத்திலிருந்து வந்ததுதான். அவர் பாலமுரளியிடம் கேட்டதன் சாரம்: ராகத்தை ஒருவர் ‘உருவாக்கினேன்’ என்று உரிமை கொண்டாட முடியுமா? உள்ள சுவரங்களில் சிலவற்றை விட்டுவிட்டுப் பெயர் வைப்பது எப்படி ஆக்கமாகும்? இவற்றோடு சபா வட்டாரம் சேர்த்துச் சொல்லிவந்த இரண்டு வாதங்களும் உண்டு. நான்கு சுவரத்துக்குச் சாத்திரத்தில் இடமில்லை என்பது ஒன்று. இவற்றுக்குத் தாய் மேளம் எது என்று சொல்ல முடியாது, ஆகவே இவை ஜன்ய ராகங்களே ஆகா என்பது மற்றொன்று.

தாய் மேளம் பற்றிய வாதம்தான் மிக எளிதாக உடைகிறது. மகதியில் ரிஷபம், மத்தியமம், தைவதம் மூன்றும் வர்ஜ்யம். அந்தர காந்தாரத்தோடு மூன்று ரிஷபங்களும், கைசிகி நிஷாதத்தோடு இரண்டு தைவதங்களும், இவற்றோடு இரண்டு மத்தியமங்களும் பொருந்தும் என்பதால் மகதியை 12 மேளங்களில் எதிலும் வைக்கலாம். லவங்கியை 9 மேளங்களில் வைக்கலாம். சுமுகத்தை 6இல். சர்வஸ்ரீயோ சுத்த மத்தியம மேளங்கள் 36க்கும் பொது. இது குறை என்றால் அதே குறை மோகனத்துக்கும் உண்டு. மத்தியமமும் நிஷாதமும் இல்லாத மோகனம் 4 மேளங்களுக்குப் பொது. ஹம்சத்வனிக்கு மத்தியமமும் தைவதமும் இல்லை. அது 6 மேளங்களுக்குப் பொது, அதாவது சுமுகத்துக்குச் சமம். ஹம்சத்வனியை எந்த சபாவும் ஒதுக்கியதில்லை. எந்தக் கச்சேரியும் அதில் தொடங்கலாம் என்பதே வழக்கம்.

ஹம்சத்வனி இன்னொரு வகையிலும் பாலச்சந்தர் தரப்புக்குச் சங்கடம். அதை உருவாக்கியவர் முத்துசுவாமி தீட்சிதரின் தந்தை ராமசுவாமி தீட்சிதர் (1735–1817) என்பது மரபு. ராகத்துக்கு ஆள்பெயர் ஒட்டாது என்ற வாதத்தை, மரபே சொல்லும் இந்தச் செய்தி மறுக்கிறது. தியாகராஜர் பல ராகங்களை முதன்முதலாகக் கையாண்டார் என்று பெருமையாகச் சொல்லும் அதே வாய்கள்தாம் பாலமுரளியிடம் உரிமைப் பத்திரம் கேட்டன. இறந்தவருக்கு ஒரு நீதி, இருப்பவருக்கு ஒரு நீதி என்றுதான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கோவூர்ச் சான்று

சுவர வரிசை எப்போது ராகமாகிறது என்ற கேள்விக்கு, மேற்குச் சென்னைப் புறநகரில் மாங்காட்டுக்கு அருகிலுள்ள கோவூர் ஒரு சான்று தருகிறது. தியாகராஜர் வடக்கே யாத்திரை வந்தபோது கோவூர்ச் சுந்தரேச முதலியாரின் அழைப்பில் அவ்வூருக்குச் சென்று, அங்குள்ள சுந்தரேசுவரர் மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடினார். யாத்திரை 1830களின் பிற்பகுதியில் நடந்தது என்று பொதுவாகக் கொள்வர். ஆண்டைப் பொறுத்தவரை வாழ்க்கை வரலாறுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. யாத்திரைக் கதைகளில் எல்லாருக்கும் நினைவிருப்பது பல்லக்கில் ஒளித்து வைத்த பொன்னும் வழிப்பறிக் கள்வரும்தான். இசை வரலாற்றுக்கு வேண்டியதோ அந்த ஐந்தின் ராகத் தேர்வு: சகானா, கல்யாணி, சங்கராபரணம், பந்துவராளி, கரகரப்பிரியா.

முதல் நான்கும் அக்காலத்துக் காதுக்குப் பழகியவை. ஐந்தாவதன் கதை வேறு. கரகரப்பிரியா இருபத்திரண்டாம் மேளம். அந்த மேளத்தின் இடத்தில் பழைய மரபில் நின்றது ஸ்ரீராகம். முத்துசுவாமி தீட்சிதர் ஸ்ரீராகத்தில் பாடினார், கரகரப்பிரியாவில் பாடவில்லை. சியாமா சாஸ்திரியும் பாடவில்லை. இன்று நாம் கேட்கும் கரகரப்பிரியாவின் உருவம் முழுக்கத் தியாகராஜர் கீர்த்தனைகளிலிருந்து எடுக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று கோவூரில் பாடிய ‘கோரி சேவிம்ப’. ஏட்டில் சூத்திரமாக இருந்த வரிசை, ஒரு சாகித்யகர்த்தா திரும்பத் திரும்பப் பாடியதால் ராகமாயிற்று. ஒரு சிவன் கோயில் வாசலில், அதுவும் பழகிய நான்கு பெரிய ராகங்களுக்கு நடுவே அதை அவர் துணிந்து வைத்தார் என்பது, அந்த ராகம் அவர் மனத்தில் அதற்குள் முழுமை பெற்றிருந்ததைக் காட்டுகிறது.

இந்த ஒப்பீட்டை எல்லை தாண்டி இழுக்கக் கூடாது. கரகரப்பிரியா ஏழு சுவர ராகம்; ஸ்ரீராகம், காபி முதலிய உறவுகளின் வாசனை அதற்குக் கைகொடுத்தது. மகதிக்கு அப்படிச் சுற்றம் இல்லை. நெருங்கிய ஒப்புமை வேண்டுமானால் தியாகராஜரின் நவரசகன்னடவைத்தான் எடுக்க வேண்டும். அதன் ஆரோகணம் சட்ஜம், காந்தாரம், மத்தியமம், பஞ்சமம், மேல் சட்ஜம்: நான்கே சுவரம். அவரோகணத்தில்தான் நிஷாதமும் தைவதமும் ரிஷபமும் வந்து சேருகின்றன. பி. சாம்பமூர்த்தி போன்றோர் இத்தகைய வரிசைக்கு ‘ஸ்வராந்தரம்’ என்று பெயரிட்டு ஜன்ய ராக வகைப்பாட்டுக்குள் இடம் கொடுத்தார்கள். பாதி ராகம் நான்கு சுவரத்தில் நிற்கலாம் என்று ஒப்புக்கொண்ட பின், முழு ராகம் நிற்கக் கூடாது என்பதற்கு வேறு காரணம் காட்ட வேண்டும்.

மதங்கரின் வாக்கியம்

சாத்திரத்தில் இடமில்லை என்ற வாதத்துக்கு அடித்தளமாக எடுத்துக்காட்டப்படுவது மதங்கரின் ‘பிருகத்தேசி’. நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல்வரிசையில் 1928இல் சாம்பசிவ சாஸ்திரி பதிப்பித்தார். பின்னர் பிரேமலதா சர்மாவின் பதிப்பு வந்தது. மதங்கரின் காலம் ஆறாம் நூற்றாண்டா, எட்டா, அதற்கும் பிந்தியதா என்பது முடிவாகாத கேள்வி.

அந்த நூலில் வரும் செய்தி இது: நான்கு சுவரமும் அதற்குக் குறைந்தவையும் மார்க்க இசையைச் சேரா, அவை சபரர், புளிந்தர், காம்போஜர், வங்கர், கிராதர், பாஹ்லிகர், ஆந்திரர், திராவிடர், காட்டில் வாழ்வோர் ஆகியோரிடம் வழங்குகின்றன. ஐந்துக்குக் குறைந்தால் ராகமில்லை என்று சொல்வோர் இதன் முதல் பாதியை மட்டும் படிக்கிறார்கள். இரண்டாம் பாதி ஒரு வழக்குப் பதிவு. நான்கு சுவரத்தில் மக்கள் பாடினார்கள், யார் யார் பாடினார்கள் என்று மதங்கர் பட்டியலே தருகிறார். பட்டியலில் ஆந்திரரும் திராவிடரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஆந்திரத்தில் பிறந்து சென்னையில் வாழ்ந்த ஒருவர் நான்கு சுவரத்தில் பாடியதற்கு, பாடக்கூடாது என்று காட்டிய நூலே ஊர்ப்பெயரோடு சாட்சி சொல்வது சுவையான முரண். மேலும், இன்றைய கருநாடக இசை மார்க்க இசை அல்ல. மதங்கர் வகுத்த பிரிவின்படி எல்லா வட்டார ராகங்களும் தேசியில்தான் அடங்கும். மார்க்கத்துக்கு இட்ட வேலியைத் தேசிக்கு நடுவது பொருந்தாது.

மதங்கருக்கு முன்பே பரதரின் நாட்டிய சாத்திரம், நாடகத்தில் பாடும் துருவப் பாடல்களில் அவகிருஷ்ட வகைக்கு நான்கு சுவரப் பிரயோகத்தை அனுமதிக்கிறது. ஒரு சுவரம் முதல் ஏழு சுவரம் வரை ஆர்ச்சிகம், காதிகம், சாமிகம், ஸ்வராந்தரம், ஔடவம், ஷாடவம், சம்பூர்ணம் என்று பெயரிட்டு எண்ணும் பழைய வரிசையும் இலக்கண நூல்களில் தொடர்ந்து வருகிறது. மூன்றும் நான்கும் பெயரில்லாத வெற்றிடங்களாக என்றும் இருந்ததில்லை.

தமிழ்ச் சான்று இதைவிடக் குறிப்பானது, ஆனால் இதைவிட மெலிந்தது. நிகண்டு மரபும் உரை மரபும் ஏழு நரம்பு கொண்டதைப் பண் என்றும், ஆறு கொண்டதைப் பண்ணியற்றிறம் என்றும், ஐந்து கொண்டதைத் திறம் என்றும், நான்கு கொண்டதைத் திறத்திறம் என்றும் வகுக்கின்றன. பிங்கலம் முதலியவை சொல்லும் 103 பண்களின் கணக்கு இந்நால்வகையையும் உள்ளடக்கியது. ஆபிரகாம் பண்டிதர் (‘கருணாமிர்த சாகரம்’, 1917), விபுலானந்த அடிகள் (‘யாழ் நூல்’, 1947) இருவரும் பழந்தமிழ்ப் பண்களை மீட்கப் பெரிதும் உழைத்தார்கள். ஆனாலும் திறத்திறம் ஒன்றைக்கூட இதுதான் என்று பாடிக் காட்டும் நிலை வரவில்லை. இன்று ஓதுவார்கள் பாடும் தேவாரப் பண்களிலும் நான்கு சுவரத்தோடு நிற்பது இல்லை. அப்படியிருந்தும், திராவிடரிடம் நான்கு சுவர இசை வழங்கியது என்று வெளியிலிருந்து ஒருவர் எழுதியதும், அதே மண்ணின் இலக்கணம் நான்கு நரம்பு இசைக்குத் தனி வகை ஒதுக்கியதும் தற்செயலாகப் பொருந்தியவை என்று தள்ளுவது கடினம். இரண்டு சாட்சிகளும் ஒன்றையொன்று அறியாதவை. ஒன்று விலக்கும் நோக்கில் பேசுகிறது, மற்றது வகுக்கும் நோக்கில். நோக்கம் வேறுபட்டும் செய்தி ஒன்றாக இருப்பதே இச்சான்றின் வலு. ஏட்டில் வகை இருந்தும் வழக்கில் பாட்டு மறைந்து போனது ஏன் என்பது தனி ஆய்வுக்குரியது.

இவ்வளவு சொன்ன பிறகு, இந்த முன்வரலாறு மகதிக்கு நேரடித் தாய்வழி ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். பழைய குறைச்சுவரப் பாட்டு பெரும்பாலும் அடுத்தடுத்த சுவரங்களில் நகர்ந்திருக்கும். வேத ஓதலும் தாலாட்டும் ஒப்பாரியும் இன்றும் அப்படித்தான் குறுகிய இடத்தில் சுற்றுகின்றன. மகதியின் சுவரங்களோ ஸ்தாயி முழுவதும் பரவி நிற்கின்றன: சட்ஜத்திலிருந்து காந்தாரத்துக்கு நான்கு அரைச்சுவரம், அங்கிருந்து பஞ்சமத்துக்கு மூன்று, நிஷாதத்துக்கு மூன்று, மேல் சட்ஜத்துக்கு இரண்டு. பியானோவில் ஒருசேர அழுத்தினால் மேற்கத்திய இசையில் மிகப் பழக்கமான ஒரு கார்டு கேட்கும். பாலமுரளி திறத்திறத்தை மீட்டார் என்று எழுதினால் அது மிகை. திறத்திறம் என்ற இடம் காலியாகவே இருந்தது. அவர் அங்கே வேறு பொருளை வைத்தார் என்பதே சான்று தாங்கும் கூற்று.

மீதி நிற்கும் மறுப்பு

பாலச்சந்தர் தரப்பில் உடையாமல் நிற்பது ஒன்று உண்டு: வரிசை வேறு, ராகம் வேறு. மகதியின் அந்தர காந்தாரத்தில் அசைவுக்கு இடம் குறைவு. பஞ்சமம் அசையாச் சுவரம். கமகத்துக்கு மிஞ்சுவது பெரும்பாலும் நிஷாதம்தான். லவங்கியில் சுத்த ரிஷபத்திலிருந்து மத்தியமத்துக்கும், தைவதத்திலிருந்து மேல் சட்ஜத்துக்கும் பெரிய தாவல்கள். சுமுகத்தில் பஞ்சமமே இல்லாமல் பிரதி மத்தியமத்தைத் தாங்க வேண்டும். அதற்கு ரஞ்சனி முன்மாதிரி உண்டென்றாலும் ரஞ்சனிக்குக் காந்தாரமும் தைவதமும் துணைக்கு இருக்கின்றன. இந்த இடைவெளிகளைப் பாலமுரளி தம் குரலால் நிரப்பினார். மூன்று ஸ்தாயியிலும் சிரமமின்றி உலவும் குரலுக்கு நான்கு சுவரம் போதுமான பரப்பு. மற்றவர்களுக்கும் போதுமா என்பதே உண்மையான சோதனை. அச்சோதனையின் முடிவு கலவையானது. அவருடைய சீடர்கள் பாடுகிறார்கள். ஆயினும் அவர் உருப்படிகளுக்கு வெளியே இந்த ராகங்களில் பிறர் இயற்றியவை மிகச் சில. ஹம்சத்வனி இந்துஸ்தானிக்கே போனது. மகதி இன்னும் பெரும்பாலும் வீட்டைச் சுற்றியே இருக்கிறது.

திரைப்பாடலை இக்கணக்கில் சேர்க்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சேர்க்கவே வேண்டும். ‘அதிசய ராகம்’ மகதியில் தொடங்கிப் பைரவியில் முடிகிறது; அந்த மாற்றம் கேட்பவருக்குப் புலப்படுவதே மகதிக்கென ஒரு முகம் அமைந்துவிட்டதற்குச் சான்று. முகமில்லாத வரிசையிலிருந்து வேறு ராகத்துக்குப் போனால் போனதே தெரியாது. திரையிசையில் இயங்கிய ஓர் இசையமைப்பாளர், கச்சேரி அறியாத பெருந்திரளுக்காக அதைக் கையாண்டிருக்கிறார். சபா வித்வான்களின் ஒப்புதலை மட்டுமே அளவுகோலாக வைத்த பாலச்சந்தர் தரப்பு இச்சான்றுக்குப் போதிய கவனம் தரவில்லை.

மேள ஏற்பாட்டை வகுத்த பதினேழாம் நூற்றாண்டு வேங்கடமகி, தம் காலத்தில் வழங்கியவை பத்தொன்பது மேளங்களே என்று ஒப்புக்கொண்டு, இனி வரக்கூடிய ராகங்களுக்கும் இடம் வேண்டும் என்றே எழுபத்திரண்டையும் வைத்ததாகச் சொல்கிறார். பாலமுரளி தம் எழுபத்திரண்டு கீர்த்தனைகளால் அந்த இடங்களை நிரப்பினார். நான்கு சுவர ராகங்களோ அந்த ஏற்பாட்டுக்குள் ஓர் இடத்தில் நிற்க மறுப்பவை. சில ராகப் பட்டியல்கள் மகதியை இருபத்தெட்டாம் மேளமான ஹரிகாம்போஜியின் கீழ் அச்சிடுகின்றன. பொருந்தும் பன்னிரண்டு மேளங்களில் அதை மட்டும் தேர்ந்ததற்குப் பட்டியல்கள் காரணம் கூறுவதில்லை. பழகிய மேளம் என்பதைத் தவிர வேறு காரணம் இருப்பதாகவும் தெரியவில்லை.